'சேம்' என்றால் எல்லாம் ஒன்றா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குப் பயமெல்லாம் பெரிய வார்த்தைகள் மீதுதான். பார்ட்டிஷன், பார்மட், ரிஜிஸ்ட்ரி என்று திரையில் ஏதாவது வந்தால் உடனே மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் என்னிடம் உதவி கேட்டு வந்தவர்களைப் பார்த்த வரையில், அதிக நஷ்டம் கொடுத்தவை சின்ன வார்த்தைகளே. சேம், சிமிலர், டிபரன்ட், மேட்ச், டூப்ளிகேட். பள்ளியில் படித்த வார்த்தைகள்தானே என்று யோசிக்காமல் கிளிக் செய்துவிடுகிறோம்.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். பிறகு இன்ஜினியரிங் படித்துவிட்டு இப்போது சென்னையில் சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கம் ஒரு பெண், "அவளும் அதே சேலைதான் கட்டியிருந்தா" என்று சொன்னால், ஒரே சேலையை இருவர் கட்டியதாக யாரும் நினைக்க மாட்டார்கள். அதே டிசைன், அவ்வளவுதான். 'அதே', 'அதே மாதிரி' இரண்டையும் நாம் கலந்துதான் பேசுகிறோம். கேட்பவர் புரிந்துகொள்வார். கம்ப்யூட்டர் அப்படி ஊகித்துப் பேசாது. எது ஒன்றாக இருக்கிறதோ அதை மட்டும் சொல்லும்.

இந்த வார்த்தைகளைப் பிரித்துப் பார்க்க திருமயத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே சத்தியகிரீஸ்வரர் கோயில், சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில் என இரண்டு குடைவரைகள் பக்கத்தில் பக்கத்தில் உள்ளன. இரண்டும் ஒரே குன்றில் குடையப்பட்டவை. எனவே குன்று 'சேம்'. இரண்டுமே குடைவரை என்பதால் கோயில்கள் 'சிமிலர்'. ஒன்றில் சிவலிங்கம், மற்றதில் பள்ளிகொண்ட பெருமாள் என்பதால் மூலவர் 'டிபரன்ட்'. இரண்டுக்கும் பொதுவானதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'போத்' போடுவார்கள். 'ஒன்றில் இது, மற்றதிலோ அது' என்று சொல்ல 'வேராஸ்' போடுவார்கள். 'டிபர் இன்' என்று வந்தால், எந்த விஷயத்தில் வேறுபடுகிறது என்பது அதற்கு அடுத்த வார்த்தையில் இருக்கும்.

இன்னும் ஒரு வார்த்தை பாக்கி. 'ஐடென்டிகல்'. துளிகூட வித்தியாசம் இல்லை என்று அர்த்தம். ஒரே கட்டிலிருந்து எடுத்த இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள் சிமிலர்தான். வரிசை எண் வேறு என்பதால் ஐடென்டிகல் அல்ல. கடைக்காரருக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை. கம்ப்யூட்டருக்குத் தேவை.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு போல்டரிலிருந்து இன்னொரு போல்டருக்குப் பைல்களைக் காப்பி செய்கிறீர்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும், சில சமயம் ஒரு டயலாக் பாக்ஸ் வந்து, போய்ச் சேரும் இடத்தில் 'சேம் நேம்ஸ்' உடன் இத்தனை பைல்கள் உள்ளன என்று சொல்லும். கீழே மூன்று வழிகள். முதலாவது ரீபிளேஸ்: அங்கே இருப்பதை அழித்துவிட்டு இதை வைக்கும். இரண்டாவது ஸ்கிப்: இதைக் காப்பி செய்யாமல் விட்டுவிடும். மூன்றாவது, ஒவ்வொரு பைலாக நானே முடிவு செய்கிறேன் என்பது. ஒரே ஒரு பைல் மட்டும் மோதினால் மூன்றாவது வழியாக 'கம்பேர் இன்போ பார் போத் பைல்ஸ்' என்று இருக்கும்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பொன்னமராவதியில் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் வீட்டுப் புதுமனை புகுவிழாப் படங்கள் சித்தியின் போனிலும் தம்பியின் போனிலும் இருந்தன. பெரும்பாலும் உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. இரண்டு பென் டிரைவ்களில் எடுத்துவந்து, புதிய கம்ப்யூட்டரில் ஒரே போல்டரில் போட்டார். இரண்டாவது பென் டிரைவைக் காப்பி செய்யும்போது, சேம் நேம்ஸ் என்று 41 பைல்களைக் காட்டியது. "அதே படம்தானேப்பா, ஏற்கெனவே இருக்குன்னு சொல்லுது" என்று ரீபிளேஸ் கொடுத்துவிட்டார். பிறகு இடம் அடைக்கிறது என்று போன்களையும் பென் டிரைவ்களையும் காலி செய்தாயிற்று. அழிந்த 41 படங்களில், அப்பத்தா கூடத்தில் உட்கார்ந்து குத்துவிளக்கு ஏற்றும் படங்களும் இருந்தன. அப்பத்தா அதற்கு அடுத்த ஆடியில் தவறிவிட்டார்கள். ரீபிளேஸ் ஆன பைல் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. அனுப்பிய உறவினர்களின் போன்களில் தேடி ஒன்பது படங்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன.

கம்ப்யூட்டர் இங்கே பொய் சொல்லவில்லை. படம் ஒன்று என்று அது சொல்லவே இல்லை; பெயர் ஒன்று என்றுதான் சொன்னது. பெயர் எப்படி ஒன்றாகும் என்கிறீர்களா? வாட்ஸ்அப்பில் வரும் படத்துக்கு ஆண்ட்ராய்டு போனில், அன்றைய தேதியும் அன்று எத்தனையாவது படம் என்ற எண்ணும் சேர்த்துப் பெயர் வைக்கப்படுகிறது. ஒரே நாளில் சித்தியின் போனுக்கு வந்த மூன்றாவது படமும் தம்பியின் போனுக்கு வந்த மூன்றாவது படமும் ஒரே பெயரில் இருக்கும். டிஜிட்டல் கேமராவிலும் பெயரின் கடைசியில் நான்கு இலக்க எண்தான். 9999 முடிந்தால் மறுபடி 0001. நம் ஊர்களில் வீட்டுக்கு ஒரு முருகேசன் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே 'சேம்' என்ற வார்த்தையைக் கண்டால் அதோடு நிறுத்தாமல், அதை ஒட்டியுள்ள வார்த்தையையும் படியுங்கள். சேம் நேம் என்றால் பெயர் மட்டும். சேம் டேட் அண்ட் சைஸ் என்றால் தேதியும் அளவும். மூன்றாவது வழியைக் கிளிக் செய்தால் இரண்டு படங்களும் தேதி, அளவுடன் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். சந்தேகம் இருந்தால் இரண்டிலும் டிக் செய்துவிடுங்கள். இரண்டாவதன் பெயரில் ஓர் எண்ணைச் சேர்த்து, இரண்டையும் வைத்துக்கொள்ளும். இடம் கொஞ்சம் வீணாகும். அழிந்ததைத் தேடி அலைவதைவிட அது மேல்.

இரண்டு பைல்கள் ஐடென்டிகல்தானா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமா? டாஸ் காலத்துக் கட்டளை ஒன்று விண்டோஸில் இன்றும் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் கறுப்பு விண்டோ கிடைக்கும். அதில் எப், சி என்ற இரண்டு எழுத்துகள், ஓர் இடைவெளி, ஸ்லாஷ் குறி, பி என்ற எழுத்து, மீண்டும் இடைவெளி. பிறகு முதல் பைலை மவுஸால் இழுத்துவந்து அந்த விண்டோவில் விடுங்கள். ஓர் இடைவெளி விட்டு இரண்டாவது பைலையும் அப்படியே விட்டு என்டர் தட்டுங்கள். 'நோ டிபரன்சஸ் என்கவுன்டர்ட்' என்று வந்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. அவற்றில் ஒன்றைத் தைரியமாக அழிக்கலாம். எண்களாகக் கொட்டினால் பைல்கள் வேறு. கண்ட்ரோல் கீயுடன் சி அழுத்தி நிறுத்திவிடுங்கள்.

இப்படிச் சோதித்தால் இன்னொன்றும் புரியும். கேமராவில் எடுத்த படமும், அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கிய படமும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதால் அவை ஐடென்டிகல் அல்ல, சிமிலர்தான். டூப்ளிகேட் என்று எண்ணிப் பெரிய பைலை அழித்துவிட்டு, சின்னதை வைத்துக்கொண்டால், பிறகு பெரிதாகப் பிரின்ட் போடும்போது படம் மங்கலாக வரும்.

'மேட்ச்' என்ற வார்த்தையும் நம்மைப் படுத்துவதுதான். புதுக்கோட்டை என்பதையே ஆங்கிலத்தில் சிலர் டி மட்டும் போட்டு எழுதுகிறார்கள், சிலர் டி ஹெச் போடுகிறார்கள், சிலர் கே இரண்டு, சிலர் ஒன்று. கண்டக்டருக்கு எல்லாம் ஒரே ஊர். கம்ப்யூட்டருக்கு எல்லாம் வேறு வேறு. பான் கார்டையும் ஆதாரையும் இணைக்கும்போது 'மிஸ்மேட்ச்' என்று வருவது பெரும்பாலும் இந்த வகைதான். ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றதில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். ஆள் ஒருவர்தானே என்று வாதாடிப் பயனில்லை. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுவிட்டு, பிறகு படிவத்தில் உட்காருங்கள்.

கடைசியாக, கடையில் கேட்கும் 'கம்பேட்டிபிள்'. இதற்கு 'ஒரே மாதிரி' என்று அர்த்தம் இல்லை. ஒன்றோடு ஒன்று பொருந்தி வேலை செய்யும் என்று அர்த்தம். டெஸ்க்டாப்பில் போடும் டிடிஆர்4 ராம், டிடிஆர்5 ராம் இரண்டுக்கும் நீளம் ஒன்று, பின்களும் 288தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு சற்றுத் தள்ளி இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. எனவே ராம் வாங்கப் போகும்போது, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்காமல், மதர்போர்டின் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு போங்கள்.