வெயில் ஏறினால் பனி இறங்கும்

2023 ஏப்ரல் 4. சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குப் போகும் சாலையில், பதினைந்தாவது மைல் அருகே சுற்றுலாப் பயணிகள் பனியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நண்பகல் வாக்கில் மேலிருந்து பனி சரிந்து வந்து மூடியது. ஏழு பேர் இறந்தார்கள். பதின்மூன்றாவது மைல் வரை போகத்தான் அனுமதி இருந்தது என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள்.

பனிச்சரிவு என்றதும் நடுக்குளிரும் பனிப்புயலும்தான் நினைவுக்கு வரும். குளிர் தணிந்து வானம் தெளியும் ஏப்ரல், மே மாதங்களுக்கும் தனி ஆபத்து உண்டு. நம் ஊர்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு இமயமலைப் பக்கம் போவதும் அப்போதுதான்.

மலையில் பனி அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். மேகமில்லாத இரவில் வெப்பம் வெளியேறி, மேல்பனி இறுகி ஓடாகிவிடுகிறது. விடியற்காலையில் அதன்மேல் ஆள் நடந்தாலும் தாங்கும். வெயில் ஏற ஏற, உருகிய நீர் உள்ளே இறங்கிப் பனித்துகள்களின் பிடிப்பைத் தளர்த்துகிறது. அடியிலுள்ள கெட்டி அடுக்கையோ பாறையையோ அந்த நீர் எட்டிவிட்டால், மேலே இருப்பது மொத்தமாக நழுவலாம். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. காலை ஆறு மணிக்குப் பத்திரமாகக் கடந்த இடம் பதினோரு மணிக்கு ஆளை விழுங்கக்கூடும். இரவு முழுக்க மேகம் மூடியிருந்தாலோ, பனி உறையாமலே விடிந்துவிடும். அன்றைக்குக் காலை நேரத்தையும் நம்ப முடியாது.

உலர்பனி மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டியும் பாயக்கூடும். ஈரப்பனி அவ்வளவு வேகமாக வராது. ஆனால் ஒரு கன மீட்டர் ஈரப்பனி அரை டன் எடைகூட இருக்கும். மரங்களை முறித்துக்கொண்டு இறங்கும். நின்றதும் கான்கிரீட் போல இறுகிவிடும், வெறுங்கையால் தோண்ட முடியாது. புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் பத்து, பதினைந்து நிமிடங்களில்தான் அதிகம். பக்கத்தில் இருப்பவர்களிடம் மண்வெட்டி இருக்கிறதா என்பதே உயிரைத் தீர்மானிக்கும்.

மலை முன்னரே அடையாளம் காட்டவும் செய்யும். சரிவில் சின்னச் சின்னப் பனியுருண்டைகள் தாமாக உருண்டு கோடு கிழித்துக்கொண்டு வரும். பாறை விளிம்பில் நீர் சொட்டும். கணுக்கால் வரை புதைந்த பூட்ஸ் முழங்கால் வரை புதையும். ஒரு கைப்பிடி பனியை அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் கசியும். இதில் எதைக் கண்டாலும், செங்குத்தான சரிவையும் அதன் அடிவாரத்தையும் விட்டு உடனே விலகிவிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

பயணிகளாவது திரும்பிவிடலாம். அவர்கள் போகும் சாலையைப் போடும் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை. 2021 ஏப்ரல் 23 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்திலுள்ள சுமனாவில், எல்லைச் சாலைப் பணியாளர்களின் முகாம் மீது பனி சரிந்தது. அதற்கு முன் சில நாட்களாக மழையும் பனியும் விடாமல் கொட்டியிருந்தன. 380-க்கும் மேற்பட்டோரை ராணுவம் மீட்டது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 28 காலையில் அதே மாவட்டத்தின் மாணாவில் கன்டெய்னர்களில் தங்கியிருந்த 54 பேர் சிக்கி, எட்டுப் பேர் மாண்டார்கள். அந்தப் பகுதிக்கான பனிச்சரிவு எச்சரிக்கை முந்தைய மாலையே வெளியாகியிருந்தது. எச்சரிக்கை வந்தால் முகாமைக் காலி செய்ய ஒரு பத்திரமான இடம், முகாம் போடும் அன்றைக்கே முடிவாகியிருக்க வேண்டும்.