திருவெறும்பூரில் கிறிஸ்துமஸ் மரம்!

'பெட்ரோலியம் இன்ஜினீயரிங் படிக்கப் போறேன்'னு சொன்னா, "திருச்சியில ஏதுடா பெட்ரோல்?"னுதான் வீட்ல முதல்ல கேட்பாங்க. பதிலை ரெடியா வெச்சுக்கங்க. எண்ணெய் வயல்களுக்கு 'கிறிஸ்துமஸ் ட்ரீ' செஞ்சு கொடுத்த ஊர் நம்ம திருவெறும்பூர். ஸ்டார் தொங்கவிடுற மரம் இல்லீங்க! எண்ணெய்க் கிணற்றின் வாயில், கீழேயிருந்து சீறி வர்ற எண்ணெயையும் கேஸையும் அடக்குறதுக்கு அடுக்கடுக்கா பூட்டுற வால்வுகளுக்கு அந்தப் பேர். பெல் தொழிற்சாலையின் வால்வு பிரிவு செஞ்ச சமாச்சாரம்.

சரி, அந்த இன்ஜினீயருக்கு வேலை என்ன? பூமிக்கு அடியில எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிக்கும்னு பலர் நினைக்கிறாங்க. கிடையாது. பஞ்சுல தண்ணி ஊறின மாதிரி, மணற்பாறையோட நுண்துளைகள்ல ஊறிக் கிடக்கும். அது எங்கே, எவ்வளவு, எப்படி வெளியே வரும்னு கணக்குப் போடுறவர் ரிசர்வாயர் இன்ஜினீயர். துளை போடுறவர் ட்ரில்லிங் இன்ஜினீயர். மேலே கொண்டு வர்றவர் புரொடக்‌ஷன் இன்ஜினீயர். ஆழம்? ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை ஒண்ணு மேல ஒண்ணா நாற்பது தடவை அடுக்கினா கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் கண்ணால பார்க்காமலேயே குழாய் இறக்கணும்!

மலைக்கோட்டை நிக்கிறது கெட்டிப் பாறை மேல. அதுல எண்ணெய் தேட முடியாது. ஆனா பாடாலூர் பக்கம் ஊட்டத்தூருக்குப் போனா கதையே வேற. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னால அங்கே கடல். அதுல படிஞ்ச பாறையில அம்மோனைட் கிளிஞ்சல் படிமங்களை இன்னிக்கும் பார்க்கலாம். ஜியாலஜி புத்தகத்துல 'உட்டத்தூர் குரூப்', 'அரியலூர் குரூப்'னே பேர் இருக்கு. அந்தக் காலத்துப் பாறை அடுக்குகள் கிழக்கே போகப் போக டெல்டாவுக்கு அடியில ஆழமா புதையுது. காவிரிப் படுகையில ஓ.என்.ஜி.சி. எண்ணெயும் கேஸும் எடுக்கிற இடங்கள்ல இந்தப் புதைஞ்ச அடுக்குகளும் உண்டு. வெளிமாநில மாணவர்கள் ரயில் ஏறி வந்து பார்க்கிற பாறைகள் உங்களுக்கு டவுன் பஸ் தூரத்துல!

இப்போ கொஞ்சம் கசப்பு. அதே டெல்டாவுல 2017-ல் கதிராமங்கலத்துல குழாய் கசிஞ்சு போராட்டம் வெடிச்சது. நெடுவாசலும் அதே வருஷம்தான். 2020-ல் தமிழக அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டு வந்து, அந்தப் பகுதிகள்ல புதுசா எண்ணெய், கேஸ் கிணறு தோண்டத் தடை போட்டுடுச்சு. அதனால 'படிச்சிட்டு காரைக்கால் ஆபீஸ்ல உட்கார்ந்துடலாம்'னு கணக்குப் போட்டா சரியா வராது. மும்பை ஹை, ராஜஸ்தான், அஸ்ஸாம், வளைகுடானு கிளம்பத் தயாரா இருக்கணும். கடல் மேடையில 14 நாள் வேலை, 14 நாள் லீவுங்கிற வாழ்க்கை உங்க வீட்டுக்குச் சரிப்படுமான்னு இப்பவே பேசிடுங்க. தாத்தா டெல்டா விவசாயின்னா, அந்தப் பேச்சு இன்னும் நீளும். நீளட்டும்.

அடுத்தது விலை. 2008 ஜூலையில பேரல் 147 டாலர். 2020 ஏப்ரல் 20-ம் தேதி அமெரிக்க எண்ணெயோட விலை பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போச்சு! விலை ஏறும்போது கேம்பஸ்ல ஆள் தேடி வருவாங்க, விழும்போது ஆஃபர் லெட்டரே ஆடும். நீங்க சேரும்போது இருக்கிற விலை, நாலு வருஷம் கழிச்சு இருக்காது.

அதனால என் கட்சி இது: தன்பாத் ஐ.ஐ.டி. (பழைய ஐ.எஸ்.எம்.) கிடைச்சா தாராளமா பி.டெக். பெட்ரோலியம் எடுங்க. கிடைக்கலைன்னா மெக்கானிக்கல், கெமிக்கல் இல்லைன்னா ஜியாலஜி படிச்சிட்டு, மேல்படிப்புல இந்தப் பக்கம் திரும்புங்க. சென்னை ஐ.ஐ.டி.யில எம்.டெக். பெட்ரோலியம் இருக்கு. திருச்சி நேஷனல் காலேஜ்ல ஜியாலஜி இருக்கு. 'கேட்' தேர்வுல 2017-லிருந்து பெட்ரோலியத்துக்குத் தனி பேப்பரும் உண்டு.

கவுன்சலிங்ல பலர் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. அண்ணா பல்கலையோட திருச்சி பி.ஐ.டி. வளாகத்துல இருக்கிறது பெட்ரோகெமிக்கல் டெக்னாலஜி. அது எண்ணெய் மேலே வந்த பிறகு நடக்கிற ரிஃபைனரி, பிளாஸ்டிக், உரம் சங்கதி. நல்ல படிப்புதான், ஆனா கிணறு தோண்டுற படிப்பு இல்லை. ரெண்டுக்கும் சிலபஸை பிரின்ட் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் சாய்ஸ் ஃபில் பண்ணுங்க.