கச்சான் காற்று கத்தி செய்த கதை தெரியுமா?

ஜூன் பிறந்தால் லயத்துக் கூரைத் தகரத்தையே பிய்த்துக்கொண்டு போகுமே, அந்தக் கச்சான் காற்று ஒரு காலத்தில் இரும்பு உருக்கியது தெரியுமா?

துருத்தி இல்லை! ஊத ஆளும் இல்லை! ஹோட்டன் சமவெளிக்குத் தெற்கே, மலை இறங்கும் சமனலவெவப் பக்கம், மேற்குப் பார்த்த மேடுகளில் களிமண் உலைகளைக் கட்டி வைத்தார்கள். உலையின் முன்சுவர் உச்சியைத் தாண்டிக் காற்று பாயும்போது உள்ளே அழுத்தம் குறையும். உடனே சுவரின் அடியில் பதித்த மண்குழாய்கள் வழியே வெளிக்காற்று தானாகவே உள்ளே இழுபடும். நெருப்பு சீறும்! அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை? 70க்கும் மேல்! காலம்? கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை!

நம்ப முடியவில்லையா? கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அதே மாதிரி உலையைக் கட்டி, அதே காற்றில் எரித்துப் பார்த்தார். வெறும் இரும்பு மட்டுமா வந்தது? கரி நன்றாக ஏறிய உருக்கும் வந்தது! 1996இல் 'நேச்சர்' ஆய்விதழில் அது வெளியானது.

9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதியபோது எந்த ஊர் உருக்கையும் குறிப்பிட்டார் தெரியுமா? செரந்தீப்! நம்ம இலங்கைதான்!

ஜப்பானில் கையால் அடித்த பழைய சமையல் கத்திகளைப் பலர் தேடித் தேடி வாங்குகிறார்களே, அந்த நாட்டில் வாளுக்கான உருக்கை எப்படி எடுத்தார்கள்? இரும்பு மணலையும் கரியையும் மாறி மாறிக் கொட்டி, மூன்று பகல் மூன்று இரவு துருத்தி மிதித்தார்கள்! அங்கே கால் செய்த வேலையை இங்கே காற்றே செய்தது!

இன்னொன்று! அங்கே கத்தி உருக்குக்கு வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று பெயர். ஏன்? உருக்கைச் சுற்றி வந்த காகிதத்தின் நிறம்!

கண்டி அரசரின் பட்டறைகளில் செய்த பிஹா கெத்த கத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? பிடி யானைத் தந்தம்! அலகில் வெள்ளியும் பித்தளையும் இழைத்த கொடிவேலை! சிலவற்றின் உறைக்குள் ஏடு எழுதும் எழுத்தாணியும் சேர்ந்தே இருக்கும்! எனக்கு ஜப்பான் கத்தியைவிட இதன்மீதுதான் ஆசை.

பலாங்கொடைப் பக்கம் உருக்குச் செய்த விதத்தை எழுதி வைத்தவர் யார் தெரியுமா? தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி! கலை அறிஞராகத்தானே அவரைத் தெரியும்? இலங்கையின் கனிமவள ஆய்வுத் துறைக்கு முதல் இயக்குநரும் அவரே! அந்த உருக்கு விவரம் உள்ள அவரது நூல் வந்த ஆண்டு 1908.

சரி, நம்ம தோட்டத்துக்கு வருவோம். கவ்வாத்துக் கத்தி! வெட்டாமல் விட்டால் தேயிலை செடியாக நிற்காது, மரமாகிவிடும் என்பது தெரியுமா? சில வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டினால்தான் கொழுந்து கைக்கு எட்டும். விரல் தடிமன் கிளையை ஒரே வீச்சில், சாய்வாக, பிளக்காமல் அறுக்க வேண்டும். பிளந்தால் தண்ணீர் தங்கி மரம் அழுகும்! அதனால்தான் கவ்வாத்து மலையில் கத்திக்குப் பக்கத்திலேயே சாணைக்கல்லும் இருக்கும். நாலு செடி வெட்டு, கல்லில் இரண்டு இழுப்பு, பெருவிரலால் அலகைத் தடவிப் பார், மறுபடி வெட்டு!

தாத்தாவின் கத்தி தீட்டித் தீட்டி பாதியாகத் தேய்ந்து உங்கள் வீட்டுக் குசினியில் கிடக்கிறதா? பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள்! கல்லில் ஒருமுறை தீட்டி, ஒரு தக்காளியை வெட்டிப் பாருங்கள்!