கல்லுக்கு வயது கண்ட கதை

தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கருங்கல் வெளியூர்ச் சரக்கு. ஊருக்குக் கிழக்கே கடல் வரைக்கும் வண்டலும் களியும்தான். மேற்கே வல்லம் மேட்டில் செம்பாறாங்கல்லும் மணற்கல்லும் கொஞ்சம் தலைகாட்டும். பெரிய கோயிலுக்கான கல், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தள்ளி புதுக்கோட்டை, திருச்சி பக்கத்துக் குன்றுகளிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. கோயிலின் வயதில் குழப்பம் ஏதும் இல்லை. ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் விமானத்துக்கு ஸ்தூபி கொடுத்ததைக் கல்வெட்டே சொல்கிறது, கி.பி. 1010. அந்த எழுத்தைச் சுமக்கும் கல்லுக்கு என்ன வயது என்பதற்குத்தான் நெடுங்காலம் யாரிடமும் பதில் இல்லை.

1864-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு ஜில்லாக்களின் பாறை அமைப்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பல்லாவரத்தில் அதற்கு முந்தைய ஆண்டு கற்கோடரி கண்டெடுத்த அதே ஃபூட்தான். எந்தப் பாறைமேல் எது படிந்திருக்கிறது என்று பார்த்து முன்பின் சொல்வது அவர்கள் முறை. அரியலூர்ப் பக்கம் அது நன்றாகவே எடுபட்டது. அங்கே கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் அடுக்கடுக்காகக் கிடக்க, ஹென்றி பிளான்ஃபோர்ட் அவற்றை வைத்துப் பாறைகளை வரிசைப்படுத்தியிருந்தார். ஆனால் திருச்சி மலைக்கோட்டை போன்ற பாறையில் ஒரு சிப்பிகூடக் கிடையாது. ‘மிகப் பழையது’ என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பூமியின் மொத்த வயதே 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுக்குள் என்று 1862-இல் கெல்வின் பிரபு கணக்குப் போட்டிருந்த காலம் அது.

ஈயத்தை அளந்து எண்ணாகப் பதில் வெளியானது 1907-இல். அமெரிக்க வேதியியலாளர் பெர்ட்ராம் போல்ட்வுட், யுரேனியம் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது என்று கண்டு, ஒரு கனிமத்தில் இரண்டும் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து வயது சொன்னார். அவர் பட்டியலில் மிகப் பழையதாக வந்தது இலங்கையின் சபரகமுவையிலிருந்து போன தோரியனைட்: 220 கோடி ஆண்டு. இந்தத் தோரியனைட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் ஒன்று உண்டு. 1904-இல் அதை யுரேனினைட் என்று கருதி முதலில் விவரித்தவர், அப்போது இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. சோழர் நடராஜரைப் பற்றி எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த அதே குமாரசுவாமி. கலை ரசிகர்கள் அவருடைய இந்தப் பாதியை ஏனோ பேசுவதே இல்லை.

220 கோடி என்பது பெரும் பிழை. தோரியமும் ஈயமாகும் என்று போல்ட்வுட் ஒப்புக்கொள்ளவில்லை. தோரியனைட்டிலோ பெரும்பங்கு தோரியம்தான். அந்த ஈயமும் யுரேனியத்தின் கணக்கில் ஏறிவிட்டது. ஈயத்திலேயே எடை வேறுபட்ட பல வகைகள் (ஐசோடோப்புகள்) உண்டு என்று தெரிந்து, அவற்றைத் தனித்தனியே அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்த பிறகுதான் கணக்கு நேரானது. இலங்கையின் அந்தப் பகுதிக் கனிமங்களுக்கு இன்று சொல்லப்படும் வயது சுமார் 55 கோடி ஆண்டு. வேடிக்கை என்னவென்றால், இன்று உலகத்தின் பல ஆய்வகங்கள் தங்கள் கருவியைச் சரிபார்க்க எடைக்கல்லாக வைத்திருப்பது இலங்கையின் சிர்கான் என்ற கனிமம். எம்257 என்ற அந்தக் கல்லின் வயது 56 கோடி ஆண்டு.

போல்ட்வுட் காலத்தில் ஒரு கட்டிக் கனிமத்தைக் கரைத்தால் ஒரே ஓர் எண் கிடைக்கும். இப்போது வேலை ஒரு சிர்கான் மணிக்குள்ளேயே நடக்கிறது. பாறையை ஜல்லியாக உடைத்து மணல் பருமனுக்கு அரைத்து, சாய்ந்த மேசையில் தண்ணீர் விட்டுக் கழுவினால், முறத்தில் புடைக்கும்போது அரிசியும் கல்லும் பிரிவதுபோல் கனத்த மணிகள் தனியே ஒதுங்கும். காந்தம் வைத்து இரும்புள்ளதை இழுத்துவிட்டு, மீதியைக் கனமான திரவத்தில் கொட்டினால் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் மிதக்க, சிர்கான் அடியில் தங்கும். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. மைக்ராஸ்கோப்பின் கீழ் ஊசி முனையால் பொறுக்கி, ரெசினில் பதித்து, மணி பாதி தேயும்வரை பாலிஷ் போடுவார்கள். எலக்ட்ரான் கற்றை பட்டதும் உள்ளே வளையம் வளையமாகத் தெரியும். நடுக்கருவில் ஒரு புள்ளி, ஓர விளிம்பில் ஒரு புள்ளி என்று தனித்தனியே அளக்கலாம்.

சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைப் பெரும்பாலும் விடாது. ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் பிற்பாடு விளைந்தது. அதோடு யுரேனியம்-238, 447 கோடி ஆண்டு அரை ஆயுளோடும் (பாதி சிதைய ஆகும் காலம்), யுரேனியம்-235, 70 கோடி ஆண்டு அரை ஆயுளோடும் தனித்தனியாகச் சிதைகின்றன. இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் ஈயம் எங்கோ கசிந்திருக்கிறது என்று அர்த்தம். (வல்லத்தில் கிடைத்து ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடிக்கு இழைக்கப்பட்ட ஸ்படிகம் இந்த வேலைக்கு உதவாது. குவார்ட்ஸ், யுரேனியத்தைக் கிட்டத்தட்டச் சேர்த்துக்கொள்வதே இல்லை.)

கோயில் கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பினால் கோயிலின் வயது தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. உளி பட்டதால் சிர்கானில் எதுவும் மாறுவதில்லை. அந்தக் கல் எப்போது உருகி இறுகியது, எப்போது மறுபடி வெந்தது என்பதுதான் அதில் பதிந்திருக்கும். கோயிலுக்குக் கல்வெட்டைவிட நல்ல சாட்சி வேறில்லை.

காவிரிக் கரையோரப் பாறைகளில் இந்த முறை நிறையவே பலன் தந்திருக்கிறது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறை, நிலவு மண்ணுக்கு மாற்றாக இஸ்ரோ பொடித்துப் பயன்படுத்திய அதே பாறை, சுமார் 254 கோடி ஆண்டுப் பழையது. சேலம் தொடங்கி வடக்கே உள்ளவை பெரும்பாலும் 250 கோடியை ஒட்டி நிற்க, மதுரைப் பக்கப் பாறைகளில் 55 கோடி ஆண்டுக்கு முன் வெந்த தழும்பு சிர்கானின் விளிம்பிலும் மோனசைட் என்ற கனிமத்திலும் தெரிகிறது. ஆறு பிறக்கும் குடகிலோ 310 கோடி ஆண்டைத் தாண்டிய பாறைகள் இருக்கின்றன.

இவையெல்லாம் தேய்ந்து இறங்கி வந்ததுதான் டெல்டா. கொள்ளிடத்து மணலில் ஒரு பிடி எடுத்துச் சிர்கானைப் பொறுக்கினால், எந்த மணி எந்த மலையிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று வயதை வைத்தே ஊகிக்கலாம். அந்த மணல் இங்கே எப்போது வந்து படிந்தது என்பதற்குக் கரிமக் கணக்கு வேண்டும், அல்லது மணி கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று சொல்லும் ஒளிர்வு முறை வேண்டும். அங்கே கோடிகள் போய் ஆயிரங்கள் வரும். இப்போது தஞ்சாவூரில் வீடு கட்டுகிறவர்கள் ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்டுக்குப் போய்விட்டார்கள். மேற்கே குவாரியில் உடைத்த பாறை, ஆற்றில் இறங்காமல் லாரியில் நேரே வந்துவிடுகிறது.