கெர்னல் பில்டின் கடைசிப் படியில் பிடிஎஃப் பிழை: தவறு எங்கே, திருத்தம் எது?

லினக்ஸ் கெர்னலைத் தாங்களே தொகுப்பவர்களை அதிகம் குழப்பும் பிழைகளில் ஒன்று, எல்லாக் கோப்புகளும் ஒழுங்காகக் கம்பைல் ஆகி முடிந்த பிறகு, விஎம்லினக்ஸ் என்ற கெர்னல் கோப்பு உருவாகும் கடைசிப் படியில் வருகிறது. ‘பிடிஎஃப்ஐடிஸ் விஎம்லினக்ஸ்’ என்று ஒரு வரி ஓடுகிறது. அடுத்த வரியில், விஎம்லினக்ஸிலிருந்து பிடிஎஃப் தகவலை ஏற்ற முடியவில்லை, காரணம் ‘இன்வேலிட் ஆர்கியுமென்ட்’ என்று சொல்லிவிட்டு பில்ட் நின்றுவிடுகிறது. எந்த மதிப்பு செல்லாது, அதைக் கொடுத்தது யார், மறுத்தது யார் என்பதற்கு அந்த வரியில் பதில் இல்லை.

5.10, 5.15 ஆகிய நீண்டகால ஆதரவு வரிசைகளின் பராமரிப்பு 2026 டிசம்பரில் முடியும் என்று கெர்னல் திட்டம் அறிவித்திருக்கிறது. அதற்குள் பழைய வரிசையைப் புதிய கணினியில் ஒருமுறை கட்டிவைக்க முயல்பவர்களும், புதிய வரிசைக்கு மாறுபவர்களும் இந்தப் பிழையில்தான் வந்து நிற்கிறார்கள். வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்வி: பிடிஎஃப் வசதியை அணைத்துவிட்டால் போதாதா? பழைய கெர்னல்களின் பில்ட் ஸ்கிரிப்ட்டும் அதையேதான் பரிந்துரைத்தது. அணைத்தால் பில்ட் முடியும் என்பது உண்மை. நோய் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாமலே போய்விடும்.

பிடிஎஃப் என்று எதைச் சொல்கிறார்கள்?

கெர்னலுக்குள் இருக்கும் ஸ்ட்ரக்ட், யூனியன், ஈனம், செயற்கூறு ஆகியவற்றின் வடிவத்தை விவரிக்கும் சுருக்கமான பட்டியல்தான் பிடிஎஃப். 2018-இல் 4.18 பதிப்பில் இந்த வடிவம் கெர்னலுக்குள் வந்தது. முழுக் கெர்னலுக்கும் அதை உருவாக்கும் வசதி 2019-இல் 5.2 பதிப்பில் சேர்ந்தது. கம்பைலர் எழுதும் ட்வார்ஃப் பிழைதிருத்தத் தகவலைப் படித்து, ஒரே வகை பல கோப்புகளில் மீண்டும் மீண்டும் வருவதை நீக்கி, பாஹோல் என்ற வெளிக்கருவி இதைத் தயாரிக்கிறது. இந்த நீக்கும் வேலையை வடிவமைத்த ஆன்ட்ரி நாக்ரைகோ வெளியிட்ட கணக்கில், 124 எம்பி ட்வார்ஃப் தகவல் 1.5 எம்பி பிடிஎஃப் ஆகச் சுருங்கியது.

அமைப்புப் பட்டியலில் இது ‘டீபக் இன்ஃபோ’ என்ற தலைப்பின்கீழ் இருக்கிறது. அந்தத் தலைப்பை அப்படியே நம்பக் கூடாது. பிழை தேடுபவர்களுக்கு மட்டும் வேண்டிய பொருளாக இது இருந்த காலம் போய்விட்டது. கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்களான பிபிஎஃப் நிரல்களை ஒருமுறை கம்பைல் செய்து பல கெர்னல்களில் ஓட்டும் ஏற்பாடு முழுக்க இதன்மேல் நிற்கிறது. 6.12-இல் வந்த ‘ஷெட்எக்ஸ்ட்’ என்ற நீட்டிக்கத்தக்க ஷெட்யூலர் இது இல்லாமல் இயங்கவே இயங்காது. ‘எங்கும் ஓடும்’ என்ற பிபிஎஃப் விளம்பரத்துக்கும் இங்கே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: பிடிஎஃப் உள்ள கெர்னல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம்தான் ஓடும்.

ட்வார்ஃபின் வகைத் தகவலுக்கு இணையானது பிடிஎஃப் என்கிறது அமைப்பின் உதவிக் குறிப்பு. இதையும் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் இரண்டு இடங்களில் வேறு வேறு அளபுருக்களோடு வரும் செயற்கூறுகளைப் பாஹோலின் அண்மைப் பதிப்புகள் வேண்டுமென்றே விட்டுவிடுகின்றன. எதைச் சொன்னால் தவறாகிவிடுமோ அதைச் சொல்லாமல் விடுவது நல்ல முடிவுதான். ஆனால் ‘இணையானது’ என்ற சொல் அதைத் தாங்காது.

எழுதுபவர் ஒருவர், படிப்பவர் வேறொருவர்

பில்டின் கடைசிப் படியில் நடப்பது இது. முதலில் தற்காலிக விஎம்லினக்ஸ் ஒன்று இணைக்கப்படுகிறது. பாஹோல் அதிலுள்ள ட்வார்ஃபைப் படித்து பிடிஎஃப் பகுதியை எழுதுகிறது. அந்தப் பகுதியையும் சேர்த்து மறுபடி இணைத்த பிறகு, ‘ரிசால்வ் பிடிஎஃப்ஐடிஸ்’ என்ற சிறு கருவி அதைத் திறந்து, கெர்னல் நிரலில் காலியாக விடப்பட்ட வகை எண்களை நிரப்புகிறது. 5.9 முதல் இந்தக் கருவி கெர்னல் மூலநிரலின் பகுதியாகவே இருக்கிறது.

ஆக, எழுதுவது கணினியில் நிறுவியிருக்கும் பாஹோல்; படிப்பது கெர்னல் மூலநிரலோடு வந்த கருவி. இரண்டுக்கும் வெளியீட்டு நாள் வேறு. மூன்று ஆண்டுப் பழைய கெர்னலைப் புதிய கணினியில் கட்டும்போது, எழுதுபவர் புதியவராகவும் படிப்பவர் பழையவராகவும் ஆகிவிடுகிறார்கள். ‘இன்வேலிட் ஆர்கியுமென்ட்’ பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

பழைய கருவி தனக்குத் தெரியாத ஒரு பதிவை ஏன் தாண்டிப் போகக் கூடாது? தாண்ட முடியாது என்பதற்குக் காரணம் பிடிஎஃப் வடிவத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு வகைப் பதிவும் 12 பைட் தலைப்போடு தொடங்குகிறது: பெயர் எங்கே இருக்கிறது என்பதற்கு 4 பைட், இது எந்த இனம், எத்தனை உறுப்புகள் என்பதற்கு 4 பைட், அளவு அல்லது சுட்டும் வகையின் எண்ணுக்கு 4 பைட். அதன்பின் வரும் பகுதியின் நீளம் இனத்தைப் பொறுத்தது. பாயிண்டருக்கு ஒன்றும் இல்லை. முழு எண்ணுக்கு 4 பைட். ஸ்ட்ரக்டுக்கு உறுப்புக்கு 12 பைட். பழைய ஈனத்துக்கு ஒரு மதிப்புக்கு 8 பைட். பதிவின் மொத்த நீளம் எங்கேயும் எழுதப்படுவதில்லை. இனம் எதுவென்று தெரிந்தவர் மட்டுமே அதைக் கணக்கிட முடியும். புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஓலைச்சுவடியில் ஒரு சொல் பிடிபடாவிட்டால் அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்பதும் பிடிபடாது. அதே நிலைதான் இங்கும்.

வகை எண்களும் எங்கும் எழுதப்படவில்லை. பட்டியலில் எத்தனையாவது பதிவோ அதுவே அந்த வகையின் எண். நடுவில் ஒரு பதிவு புரியாவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள ஒன்றையும் படிக்க முடியாது. அதனால் முழுப் பட்டியலும் நிராகரிக்கப்படுகிறது. இடத்தை மிச்சப்படுத்த எடுத்த இந்த முடிவு பாராட்டத்தக்க புத்திசாலித்தனம். பட்டியலை எழுதுபவரும் படிப்பவரும் ஒரே நாளில் வெளிவரும்வரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை. தனித்தனியே வளரும்போதுதான் அது உடைகிறது.

அப்படி உடைந்த சம்பவம் ஒன்று இது. பழைய ஈனப் பதிவில் ஒரு மதிப்புக்கு 32 பிட்தான் இடம். கெர்னலிலோ 64 பிட் மதிப்புள்ள ஈனங்கள் இருந்தன; அவற்றின் மேல்பாதி வெட்டப்பட்டது. இதைச் சரிசெய்ய 6.0 கெர்னலில் ஈனம்64 என்ற புதிய இனம், 19 என்ற எண்ணோடு, சேர்க்கப்பட்டது. அதே 2022-இல் வெளியான பாஹோல் 1.24 அந்த இனத்தைக் கேட்காமலே எழுதத் தொடங்கியது. 5.10, 5.15 கெர்னல்களோடு வந்த கருவிகளுக்கு 19 என்றால் என்னவென்று தெரியாது. கெர்னலில் 64 பிட் ஈனங்கள் சொற்பம். ஆனாலும் அப்படி ஒரே ஒரு பதிவு இருந்தாலே விஎம்லினக்ஸ் கிடைக்காமல் போக அது போதும்.

கெர்னல் ஆவணங்கள் ‘பாஹோல் குறைந்தபட்சம் இந்தப் பதிப்பு’ என்று சொல்கின்றன. 5.15 வரிசையில் அந்த எண் 1.16. அதிகபட்சம் எது என்று எந்த வரியும் இல்லை. ஆவணத்தைப் பார்ப்பவர் புதியது நல்லது என்று முடிவுகட்டி, இருப்பதிலேயே புதிய பாஹோலை நிறுவுகிறார்; பிழை அங்கேதான் தொடங்குகிறது. ஒரு எல்லையை மட்டும் எழுதிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டது ஆவணத்தின் குறையே தவிர, கட்டுபவரின் குறை அல்ல.

இன்னொரு தொல்லையும் உண்டு. 5.15-இன் இணைப்பு ஸ்கிரிப்ட், தோல்வியடைந்தால் தற்காலிகக் கோப்புகளையும் விஎம்லினக்ஸையும் அழித்துவிட்டுத்தான் வெளியேறுகிறது. பிழையை ஆராய வேண்டிய பொருளே போய்விடுகிறது. உள்ளே பார்க்க வேண்டுமானால், வெளியேறும்போது ஓடும் அந்தத் துப்புரவு வரியை முடக்கிவிட்டு மறுபடி கட்ட வேண்டும்.

பழைய கெர்னலில் என்ன செய்வது?

முதலில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: நிறுவியிருக்கும் பாஹோலின் பதிப்பு, கெர்னல் மூலநிரலின் ஸ்கிரிப்ட் அடைவில் ‘ஈனம்64-ஐ எழுதாதே’ என்று பாஹோலுக்குச் சொல்லும் தெரிவு இருக்கிறதா என்பது. பாஹோல் 1.24 அல்லது அதற்குப் பிந்தையது, கெர்னல் 6.0-க்கு முந்தையது, அந்தத் தெரிவும் இல்லை என்றால் நோய் இதுதான்.

சிறந்த வழி அதே வரிசையின் அண்மைத் திருத்த வெளியீட்டுக்குப் போவது. 5.10, 5.15 இரண்டிலும் இந்தத் தெரிவு பின்னர் சேர்க்கப்பட்டுவிட்டது. பலகைக் கணினி நிறுவனங்கள் தரும் மூலநிரல் ஏதோ ஒரு பழைய வெளியீட்டில் உறைந்து நிற்பதால், அதை நம்பியிருப்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டிருக்கலாம். அவர்கள் பாஹோலை அழைக்கும் ஸ்கிரிப்ட்டில் அந்த ஒரு தெரிவைத் தாங்களே சேர்க்கலாம். பழைய பாஹோலைத் தனி அடைவில் கட்டிவைத்து, மேக் கட்டளையில் பாஹோல் மாறிக்கு அந்த முகவரியைக் கொடுப்பதும் வேலை செய்யும். முழுக் கணினியின் பாஹோலைப் பின்னுக்கு இறக்குவது தேவையற்ற வேலை. நாளை புதிய கெர்னலைக் கட்டும்போது அதுவே தடையாகும்.

புதிய கெர்னல்களில் இது மீண்டும் நடக்குமா?

வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. முன்பு பாஹோல் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எழுதியது. வேண்டாதவற்றைக் கெர்னல் ஒவ்வொன்றாக மறுக்க வேண்டியிருந்தது. இன்னும் பிறக்காத ஓர் இனத்தை எந்தக் கெர்னலாலும் முன்கூட்டியே மறுக்க முடியாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு. பாஹோல் 1.26-இல் திசை மாற்றப்பட்டது. தனக்கு வேண்டிய அம்சங்களின் பட்டியலைக் கெர்னலே கொடுக்கிறது, பாஹோல் அவற்றை மட்டும் எழுதுகிறது, தனக்குத் தெரியாத அம்சத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் பேசாமல் கடந்துபோகிறது. 6.10 முதல் கெர்னல் இந்த முறையைப் பயன்படுத்துகிறது. ஒவ்வோர் இனத்தின் பதிவு நீளத்தையும் பிடிஎஃப் கோப்பிலேயே அட்டவணையாக எழுதிவிடும் யோசனையும் 2023-இல் முன்வைக்கப்பட்டது. மூலக் குறையைத் தொடுவது அதுதான். ஏற்கெனவே வெளியான கெர்னல்களுக்கு இரண்டாலும் பயனில்லை.

மற்ற கேள்விகள்

பாஹோல் இல்லை என்கிறது பில்ட்; எந்தப் பொதியை நிறுவ வேண்டும்?
ஃபெடோராவில் ‘ட்வார்வ்ஸ்’, ஆர்ச்சில் ‘பாஹோல்’. டெபியனின் பழைய வெளியீடுகளில் ‘ட்வார்வ்ஸ்’, புதியவற்றில் ‘பாஹோல்’.

அமைப்புப் பட்டியலில் பிடிஎஃப் தெரிவே தென்படவில்லையே?
குறைக்கப்பட்ட பிழைதிருத்தத் தகவல் அல்லது பிரிக்கப்பட்ட பிழைதிருத்தத் தகவல் இயக்கப்பட்டிருந்தால் அது மறைந்துவிடும்; புதிய கெர்னல்களில் பாஹோல் நிறுவப்படாவிட்டாலும் மறையும்.

பழைய அமைப்புக் கோப்பைப் புதிய கெர்னலுக்குக் கொண்டுவந்ததும் பிடிஎஃப் காணாமல் போனது ஏன்?
5.18-இல் பிழைதிருத்தத் தகவல் ஆம்-இல்லை என்ற நிலையிலிருந்து பல தெரிவுகளில் ஒன்றைத் தேர்வதாக மாறியது. இயல்புநிலை ‘ஒன்றும் வேண்டாம்’ என்பதால், கேள்வி கேட்காமல் புதுப்பிக்கும் கட்டளை சத்தமில்லாமல் அணைத்துவிடும். ட்வார்ஃப் பதிப்பு ஒன்றைத் தேர்ந்துவிட்டு பிடிஎஃப்-ஐ மீண்டும் இயக்க வேண்டும்.

புதிய ஜிசிசி, பழைய பாஹோல் என்றால்?
ஜிசிசி 11 முதல் இயல்பாக ட்வார்ஃப் 5 எழுதப்படுகிறது. அதைப் படிக்கக் குறைந்தது பாஹோல் 1.21 வேண்டும்.

பாஹோல் ‘கில்டு’ என்று சொல்லி நின்றுவிடுகிறது.
நினைவகம் போதவில்லை, அதன் இழைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் அல்லது ஸ்வாப் சேர்க்கலாம்.

கெர்னல் எழுந்துவிட்டது, மாட்யூலை ஏற்றும்போது பிடிஎஃப் சரிபார்ப்பு -22 என்று தோற்கிறது.
மாட்யூலின் வகை எண்கள் விஎம்லினக்ஸின் கடைசி எண்ணுக்கு அடுத்துத் தொடங்குகின்றன. வேறொரு விஎம்லினக்ஸை வைத்துக் கட்டிய மாட்யூல் பொருந்தாது. இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பொருந்தாமை இருந்தாலும் பிடிஎஃப் இல்லாமல் மாட்யூலை ஏற்றவிடும் தெரிவு ஒன்றும் இருக்கிறது.

வெளி மாட்யூலைக் கட்டும்போது, விஎம்லினக்ஸ் இல்லாததால் பிடிஎஃப் தவிர்க்கப்படுகிறது என்று வருவது பிழையா?
இல்லை, மாட்யூல் வழக்கம்போல் வேலை செய்யும், அதன் வகைத் தகவல் மட்டும் பிபிஎஃப் நிரல்களுக்குக் கிடைக்காது.

அப்படியானால் பிடிஎஃப்-ஐ எப்போது அணைக்கலாம்?
அந்தக் கணினியில் பிபிஎஃப் கண்காணிப்புக் கருவிகளோ ஷெட்எக்ஸ்ட் ஷெட்யூலரோ ஓடப்போவதில்லை என்று உறுதியாகத் தெரியும்போது.