நள்ளிரவில் அறைக்கு வருபவர்: வீட்டில் அறை வாடகைக்கு விடுவோர் அறிய வேண்டிய சட்டமும் எச்சரிக்கையும்

சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் பல மாலையிலும் இரவிலும் கிளம்புகின்றன. விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் உள்ள விருத்தாசலம் சந்திப்புக்கு அவை சுமார் மூன்று, மூன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகின்றன. அதனால் இந்த ஊருக்கு ரயிலில் வருபவர்களில் பலர் நள்ளிரவை ஒட்டியோ விடியற்காலையிலோதான் இறங்குகிறார்கள். பீங்கான் தொழிற்பேட்டையில் சரக்கெடுக்க வரும் வியாபாரி, பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், நெய்வேலிக்கு ஒப்பந்த வேலையாகப் போகிறவர், மாசி மகத்துக்குப் பழமலைநாதர் கோயிலுக்கு வரும் குடும்பம் என்று வருபவர்கள் பல வகை. லாட்ஜில் இடம் கிடைக்காதபோது மாடி அறையையோ முன்னறையையோ வாடகைக்கு விடும் வீடுகளே அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. லாட்ஜில் இரவு முழுக்க ரிசப்ஷனில் ஆள் இருப்பார். வீட்டில் தூக்கம் கலைந்து எழுந்து வருபவரே அந்த வேலையையும் பார்க்க வேண்டும். அப்போது கிளம்பும் தகராறுகளில் பெரும்பகுதி பகலிலேயே பேசி முடித்திருக்க வேண்டியவை.

முதல் தகராறு தேதியில் வரும். வியாழன் இரவு எழும்பூரில் ரயில் ஏறுபவர் "வியாழக்கிழமை ராத்திரி வர்றேன்" என்பார். அவர் இறங்கும்போது மணி 12.40, காலண்டர்படி வெள்ளிக்கிழமை. வீட்டுக்காரர் வியாழன் இரவு பத்து மணிவரை பார்த்துவிட்டு அறையை வேறொருவருக்குக் கொடுத்திருப்பார். அல்லது அறை வெள்ளி பகலில்தான் காலியாகும் என்று நினைத்திருப்பார். வாடகைக் கணக்கும் இப்படித்தான் குழம்பும். இரவு ஒரு மணிக்கு வந்து காலை பத்துக்குப் போகிறவருக்கு அது ஒரு நாளா, அரை நாளா? எந்தச் சட்டமும் இதற்கு விடை சொல்வதில்லை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டதுதான் கணக்கு. ஆகவே வாட்ஸ்அப்பில் தேதி, கிழமை, "நள்ளிரவு தாண்டி" என்ற சொல், ரயிலின் பெயர், எத்தனை பேர், எந்நேரம்வரை காத்திருக்கப்படும், ரயில் தாமதமானால் என்ன செய்வது ஆகியவற்றை எழுதி, பதிலும் வாங்கி வைப்பது நல்லது. ரயில் எங்கே வருகிறது என்பதை 139 எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

முன்பணத்தில் ஏமாறுவோர் அதிகம். ராணுவ அதிகாரி என்று சொல்லிப் போனில் அறை பேசி, பணம் அனுப்புவதாக க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வது நாடெங்கும் நடக்கும் மோசடி. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணை அழுத்தத் தேவையே இல்லை. அழுத்தச் சொன்னால் பணம் போகப்போகிறது என்று பொருள். வாசலில் நின்று காட்டப்படும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பக் கூடாது, சொந்தக் கணக்கில் இருப்பு ஏறியதா என்று பார்த்த பிறகே சாவி தர வேண்டும். ஏமாந்துவிட்டால் அன்றிரவே சைபர் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் செய்ய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

முதலில் வெளி விளக்கைப் போட்டு, வந்தவரிடம் கிரில் கேட்டுக்கு உள்ளிருந்தே பேசி, அவர் அறை கேட்டுப் பேசிய எண்ணுக்கு அழைத்துப் பார்க்க வேண்டும். தங்கும் பெரியவர்கள் அனைவரின் அடையாள அட்டையையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவசியம். ஆதார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதுவும் போதும். ஆதார் ஜெராக்ஸைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே 27 அன்று வெளியிட்ட அறிவிப்பு இரண்டே நாளில் திரும்பப் பெறப்பட்டது. என்றாலும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுக்கும் வசதி இன்றும் உண்டு. தங்குபவர் அதைக் கொடுத்தால் மறுக்கக் காரணமில்லை. வாங்கிய நகலைப் பூட்டி வைக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போடுவது வழக்கமாகிவிட்டது, அது தவறு.

வந்தவர் யார் என்று கேட்பது வீட்டுக்காரரின் கடமை. அவர்களுக்குள் என்ன உறவு என்று விசாரிப்பது அந்தக் கடமையில் சேராது. கோவையில் 2019 ஜூனில் ஒரு தங்கும் விடுதியை அதிகாரிகள் சோதனையிட்டுச் சீல் வைத்தனர். மணமாகாத ஜோடி தங்கியிருந்ததும் ஓர் அறையில் மதுபாட்டில் இருந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ், மணமாகாத வயதுவந்த ஆணும் பெண்ணும் விருந்தினராக ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை என்று கூறிச் சீலை அகற்ற உத்தரவிட்டார். குடும்பத்தினருக்கு மட்டுமே அறை என்று ஒருவர் தம் வீட்டில் விதி வைத்திருந்தால், அதைப் பணம் வாங்குமுன் சொல்லிவிட வேண்டும். நள்ளிரவில் வாசலில் நிறுத்திச் சொல்வதற்கு நியாயமில்லை.

சாதி விஷயத்தில் எந்த வீட்டு விதியும் செல்லாது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் "ஓட்டல்" என்ற சொல்லுக்குள் தங்கும் விடுதிகளையும் சேர்த்தே வரையறுக்கிறது. தீண்டாமையால் இடம் மறுத்தால் 1 மாதம் முதல் 6 மாதம்வரை சிறை. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பாயலாம். "எந்த ஊர், எந்தத் தெரு" என்று சுற்றி வளைத்துக் கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர், உறவு புரியாத பெரியவருடன் வந்தால் நிலைமை வேறு. அங்கே விசாரித்தே ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது அவசர உதவி எண் 112ஐ அழைக்க வேண்டும். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி 6 மாதம்வரை சிறைக்குரிய குற்றம். தனியே வந்து நிற்கும் சிறுவரைத் திருப்பி அனுப்பாமல், உதவி வரும்வரை பாதுகாப்பாக உட்கார வைக்க வேண்டும்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். நெடுநாள் "சி படிவம்" என்று அறியப்பட்ட இந்தக் கடமை, 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் தொடர்கிறது. இதற்கான இணையக் கணக்கை முன்கூட்டியே தொடங்கியிராதவர் வெளிநாட்டவரை இரவோடு இரவாக ஏற்பது சிக்கலில் முடியும்.

போலீஸ் சோதனைக்கு வந்தால் பதிவேட்டைக் காட்டுவதில் தயக்கம் வேண்டாம். வந்த காவலரின் பெயரையும் காவல் நிலையத்தையும் கேட்டுக்கொள்ளலாம். வாரன்ட் இல்லாத சோதனைக்குக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், சோதனையை ஒளிப்பதிவும் செய்ய வேண்டும் என்கிறது 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம். அசாதாரணச் சூழல் தவிர, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அப்படி நேர்ந்தாலும் பெண் அதிகாரி இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

தங்குபவர் பக்கமும் உரிமை உண்டு. பணம் வாங்கிக்கொண்டு இரவில் அறை மறுத்தால் அது சேவைக் குறைபாடு. கொளஞ்சியப்பர் கோயிலில் வேண்டுதலாகப் பிராது கட்டுவதோடு நில்லாமல், 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்திலும் ஒரு பிராது கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. புகார்தாரர் தாம் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்பதால், சென்னைக்காரர் போடும் வழக்கு மாவட்டத் தலைநகரான கடலூரில்தான் நடக்கும் என்று வீட்டுக்காரர் எண்ணக் கூடாது. முதலில் 1915 உதவி எண்ணில் சமரசம் பேசிப் பார்க்கலாம். "பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையும் முழுக் காப்பாகாது. டெல்லி ஓட்டல் ஒன்றில் 1998இல் ஊழியரிடம் ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், ஓட்டலே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது.

அறையைக் காட்டும்போதே வெளியேறும் வழி, மெயின் சுவிட்ச், வெளிக் கேட் சாவி இருக்கும் இடம் மூன்றையும் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் 12 அதிகாலை மதுரை கட்ராபாளையத்தில் மகளிர் விடுதி ஒன்றில் பற்றிய தீயில் இரு பெண்கள் இறந்தனர். புது இடத்தில் தூங்குபவருக்குப் புகையில் வழி தெரியாது. திருட்டுக்குப் பயந்து வெளியே பூட்டுப் போடும் பழக்கம் உயிருக்கு உலை வைக்கும்.

தங்கியவர் காலி செய்ய மறுத்தாலும் அவர் சாமானைத் தெருவில் தூக்கிப்போடக் கூடாது. மிரட்டல், திருட்டு, ஆள்மாறாட்டம் என்றால் 112 அல்லது "காவல் உதவி" செயலி உண்டு. மறுநாள் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். வழக்குப் பதிய மறுத்தால் அதே புகாரைக் கடலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதிலும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை நாடலாம்.