வாயில்லா உறவினர்க்கு ஒரு படம்

நாம் வாழும் ஸ்ரீவராகத்துக்குப் பெயர் தந்த தெய்வம் விலங்கின் முகத்தோடு விளங்குவது. நிலமகளை மீட்கும் பொருட்டுப் பன்றியுருக் கொண்ட பெருமானை வணங்கிவிட்டுக் குளக்கரை வழியே வீடு திரும்பும் நமக்கு, விலங்கின் முகத்தில் பெருமை காண்பது புதிய செய்தியன்று. ஆயினும் நம் வாயிற்படியில் படுத்திருக்கும் நாயின் முகத்தையும், அடுக்களை ஓரத்தில் பாலுக்குக் காத்திருக்கும் பூனையின் முகத்தையும் நாம் எத்துணை கூர்ந்து நோக்கியிருக்கிறோம்? நாயின் எந்தக் காது மடிந்தது, பூனையின் எந்தக் கால் வெள்ளை என்று ஒருவர் திடீரெனக் கேட்டால் உடனே விடை கூற வல்லவர் நம்முள் சிலரே.

இக்கேள்வியை இப்போது எழுப்பக் காரணம் உண்டு. வீட்டில் வளர்த்த பிராணிகளின் உருவத்தைக் கணினித் திரையில் ஓவியமாகத் தீட்டுவித்து, அச்சிட்டுச் சட்டமிட்டு மாட்டும் வழக்கம் இந்நாளில் பரவி வருகிறது. நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவும் இம்முயற்சியில் இறங்கியுள்ளன. செல்வர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதில் தனிப்பட்டதொரு தேவையே இருக்கிறது.

வாடகை வீடும் மாற்றல் உத்தரவும் நம் வாழ்வின் இரு சக்கரங்கள். வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றலாம். பிள்ளைகளைப் புதிய பள்ளியில் சேர்க்கலாம். நாயை என் செய்வது? ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் தனியறை முழுவதும் நமக்கெனப் பதிவாக வேண்டும். அன்றேல் பிரேக் வேனில் உள்ள நாய்க்கூண்டில் அதனை ஏற்றிவிட வேண்டும். ரயில்வே அலுவலில் இருக்கும் நாம், இவ்விதியைக் கேட்டு மனம் தளர்ந்து, அண்டை வீட்டாரிடம் பிராணியை ஒப்படைத்துவிட்டுப் போகும் குடும்பங்களைக் கண்டிருக்கிறோம். அன்றியும், நாயின் ஆயுள் பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளே. ஆதலின் பிரிவு என்பது எவ்வகையிலேனும் நேர்வது உறுதி. பிரிந்தபின் எஞ்சுவது படம் ஒன்றே. அது மெய்யான படமாக இருத்தல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

இனமும் உயிரும்

2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலைகள் வெளியிட்டது. இமயமலை ஆட்டுநாய், ராம்பூர் வேட்டைநாய், முதோல் வேட்டைநாய் ஆகியவற்றோடு நம் ராஜபாளையம் நாயும் அவற்றுள் இடம்பெற்றது. தமிழர்க்குப் பெருமை தரும் செய்தியே அது. ஆனால் தபால்தலையில் இருப்பது ஓர் இனத்தின் படம். எந்த ராஜபாளையம் நாய்க்கும் அது பொருந்தும். நாம் வீட்டுச் சுவருக்கு வேண்டுவதோ ஓர் உயிரின் படம். வேறெந்த நாய்க்கும் அது பொருந்தலாகாது.

இவ்வேற்றுமையை உணர்ந்தவர் மொகலாய மன்னர் ஜஹாங்கீர். அயல்நாட்டிலிருந்து வரும் பிராணிகளை உடனுக்குடன் படமாக எழுதுவித்தவர் அவர். 1621ஆம் ஆண்டில் அவருக்குக் காணிக்கையாக வந்த வரிக்குதிரையைக் கண்டோர், அதன் வரிகள் யாரோ தீட்டியவை என்றே ஐயுற்றனராம். நன்கு ஆராய்ந்த பின்னரே அவை இயற்கை என்று தெளிந்தனர். அக்குதிரையை உஸ்தாத் மன்சூர் என்னும் ஓவியர் எழுதிய படம் இன்று லண்டன் மாநகரில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் இருக்கிறது. நானூறு ஆண்டுகள் சென்றும், வந்து நின்ற அந்த ஒரு குதிரையையே அதில் காண்கிறோம்.

நாய் மார்க் கதை

நம்மவர் இல்லங்களில் ஒரு தலைமுறைக்கு முன் மிகப் பழக்கமாயிருந்த பிராணிப் படம் ஒன்று உண்டு. கிராமபோன் குழாயின் முன் தலை சாய்த்து அமர்ந்திருக்கும் நாயின் படந்தான் அது. 'நாய் மார்க்' இசைத்தட்டு என்றால் அறியாதார் இலர். கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையிலிருந்து அத்தட்டுகள் நாடெங்கும் சென்றன. அந்நாய் கற்பனையன்று, நிப்பர் என்னும் பெயருடையது. வருவோரின் கால்களைக் கடிக்கப் பாய்ந்ததால் பெற்ற பெயர் அது. உயர்ந்த ஜாதி நாயும் அன்று, கலப்பினந்தான். முதலில் வளர்த்தவர் இறந்துபோக, அவர் தம்பியாகிய பிரான்சிஸ் பரோ என்னும் ஓவியரின் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது. 1895ஆம் ஆண்டில் நிப்பர் இறந்தது. பரோ அதன் படத்தைத் தீட்டியதோ 1898ஆம் ஆண்டில். அதாவது, நாய் மறைந்து மூன்றாண்டு சென்ற பின்பு. ஒலிப்பெட்டியின் முன் அது வியந்து தலை சாய்த்து நின்ற நிலை அவர் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை.

படத்தில் முதலில் இருந்தது எடிசனின் உருளைப் பெட்டி. அதனை மாற்றித் தங்கள் தட்டுப் பெட்டியை எழுதித் தந்தால் வாங்கிக்கொள்வதாகக் கிராமபோன் கம்பெனியார் கூறினர். பரோ அவ்வாறே பழைய பெட்டியின் மேல் புதிய பெட்டியைத் தீட்டிக் கொடுத்தார். அதற்கு அவர் பெற்றது 100 பவுன். படத்துக்கு 50, பதிப்புரிமைக்கு 50. பெட்டி மாறிற்று, ஆனால் நாயின் தலைச் சாய்வு மாறவில்லை. அந்தச் சாய்வே உலகெங்கும் சென்றது.

படம் எழுதுவிக்கும் நமக்கு இக்கதையில் மூன்று பாடங்கள் உள்ளன. பிராணி இறந்த பின்னும் மெய்யான படம் அமையலாம். ஆனால் அதனை அறிந்தவரின் நினைவு வேண்டும். திருத்தம் கேட்பது முறையே. ஆனால் உயிர்நிலையாய் இருப்பதை மாற்றச் சொல்லலாகாது. படத்தின் விலை வேறு, உரிமையின் விலை வேறு.

திரையில் தீட்டும் முறை

கணினி ஓவியம் என்றவுடன் பொறி தானே வரைவது என்று சிலர் எண்ணுகின்றனர். அங்ஙனமன்று. பலகை போன்ற திரையின்மீது சிறு கோல் ஒன்றால் ஓவியர் தம் கையாலேயே எழுதுகிறார். கோலை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல, பென்சில் கோடு ஓர் அடுக்கிலும், அடிவண்ணம் ஓர் அடுக்கிலும், மயிரும் மீசையும் வேறோர் அடுக்கிலும் அமையும். ஓர் அடுக்கில் பிழை நேர்ந்தால் பிறவற்றைத் தொடாமல் அதனை மட்டும் திருத்தலாம். பரோவைப் போல ஒரு பெட்டியின் மேல் மற்றொன்றைத் தீட்டி மறைக்க வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஓவியர் டேவிட் ஹாக்னி, தம் இரு நாய்களையும் தைல வண்ணத்தில் பலமுறை தீட்டியவர். பின்னர் 2010ஆம் ஆண்டு முதல் ஐபேட் திரையிலும் படம் எழுதினார். கருவி மாறினும் கண்ணும் கையும் ஒன்றே என்பதற்கு அவர் சான்று.

எனினும் 2022ஆம் ஆண்டு முதல், சொற்களைக் கொடுத்தால் சில நொடிகளில் படத்தை உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் பலர் கைக்கும் எட்டிவிட்டன. அவற்றைப் பயன்படுத்துவது குற்றமன்று. அதனைக் கையெழுத்தோவியம் என்று சொல்லி விற்பதே குற்றம். அப்பொறி எண்ணற்ற நாய்ப் படங்களைக் கண்டு பழகியது. ஆதலின் அழகான ஒரு நாயைத் தரவல்லது. நம் நாயைத் தருமா என்பதே வினா.

இதற்கு நம் பகுதியிலேயே ஒரு சான்று கிடைத்தது. வாடகைக்குக் குடியிருந்த தமிழ்க் குடும்பம் ஒன்று, இறந்துபோன தம் நாட்டு நாய்க்கு ஒரு படம் வேண்டி, வெளியூர் விற்பனையாளர் ஒருவருக்குப் பணம் அனுப்பியது. இரண்டே நாளில் படம் வந்தது. பளபளக்கும் மயிர், ஒளிவீசும் கண்கள், நிமிர்ந்த இரு காதுகள்! பெரியவர்கள் மகிழ்ந்தனர். ஏழு வயதுச் சிறுமி மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாட்டி, இது நம்ம மணி இல்லே" என்று அழத் தொடங்கினாள். பாட்டியம்மையார் ஆசாரம் மிக்கவர். நாயை ஒருநாளும் தொட்டவர் அல்லர். ஆனால் ஒன்பதாண்டுக் காலம் அதற்குச் சோறு வைத்தவர் அவரே. "இவளுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையேடா. மணிக்கு இடது காது மடிஞ்சுதானே இருக்கும், மூக்குக்கு மேலே ஒரு தழும்பு உண்டு, சோற்றைக் கண்டா ஒரு காலைத் தூக்கிண்டு நிற்கும்" என்று அவர் அடுக்கினார். பின்னர் இந்நகரத்தில் ஓவியம் பயின்ற இளைஞர் ஒருவர் அம்மையாரின் எதிரே அமர்ந்து, அவர் சொல்லச் சொல்லத் திரையில் திருத்தி வரைந்தார். இரண்டாவது படம் முதலாவதைப்போல் பளபளக்கவில்லை. ஆனால் சிறுமி அதனைத் தன் படிப்பு மேசைக்கு எதிரே மாட்டச் சொன்னாள்.

எழுதுவிப்போர் கடமை

ஆதலின் ஓவியரிடம் செல்லுமுன் நாம் செய்ய வேண்டிய ஆயத்தங்கள் சில உள. முதலாவது, நல்ல புகைப்படங்கள். பிராணியின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து அமர்ந்து, காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தல் வேண்டும். செல்பேசியை மூக்கருகே கொண்டுபோனால் மூக்குப் பெருத்தும் காது சிறுத்தும் தோன்றும். சற்று விலகி நிற்க வேண்டும். பிளாஷ் விளக்கு கூடாது. கண் பச்சையாக ஒளிர்ந்து உண்மை நிறத்தை மறைத்துவிடும். முகம், இரு பக்கங்கள், முழு உருவம் எனப் பல படங்கள் தேவை. அவற்றை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் அளவு சுருங்கி நுட்பம் கெடும். கோப்பாக அனுப்புதல் நன்று.

இரண்டாவது, எழுத்தில் ஒரு குறிப்பு. அடையாளங்கள், தழும்புகள், அமரும் வழக்கம் இவற்றை வீட்டார் அனைவரையும் கேட்டு எழுதுக. பாட்டியையும் குழந்தையையும் கேட்க மறவற்க.

மூன்றாவது, அளவு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது வழக்கம். 10க்கு 12 அங்குலப் படமாயின் 3000க்கு 3600 புள்ளிகள். மொத்தம் ஒரு கோடியே எட்டு லட்சம். தொடங்குமுன்பே அளவைச் சொல்லிவிட வேண்டும். சிறிதாக வரைந்ததைப் பின்னர் பெரிதாக்கினால் மங்கும்.

நான்காவது, ஒப்பந்தம். முன்பணம், முடிக்கும் நாள், எத்தனை திருத்தம் என்பவற்றை எழுதிக்கொள்ளுதல் இரு சாராருக்கும் நலம். பென்சில் கோட்டளவில் ஒருமுறை பார்த்து இசைவு தருவோமானால் பின்னர் வருத்தத்துக்கு இடமில்லை. வளர்ந்துவரும் படிகளைக் காட்டுமாறு கேட்பதே கைவேலைக்கு உரைகல். உழைப்பவர் தயங்காமல் காட்டுவார். அவருக்கு உரிய கூலியில் பேரம் பேசுதல் அழகன்று. மயிர் மயிராக எழுதும் வேலைக்குப் பல மணி நேரம் ஆகும்.

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, பொருள் கொடுத்து ஒருவர் தமக்காக எழுதுவித்த ஓவியத்துக்கு, மாறான உடன்படிக்கை இல்லாதபோது, எழுதுவித்தவரே முதல் உரிமையாளர். ஆயினும் எழுதியவர் தாமே என்று கூறிக்கொள்ளும் உரிமை ஓவியருக்கு 57ஆம் பிரிவின்படி என்றும் உண்டு. ஆதலின் படத்தின் மூலையில் உள்ள அவர் கையொப்பத்தை வெட்டிவிடலாகாது.

கிளி வளர்க்கும் அன்பர்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. கிளியைச் சுவரில் படமாக வைத்துக்கொள்ளவோ யாதொரு தடையும் இல்லை!

பாதுகாப்பு

திரையில் ஒளிரும் நிறம் தாளில் சற்று அடங்கியே வரும். ஆதலின் சிறு துண்டு ஒன்றை முதலில் அச்சிட்டுப் பார்த்தல் அறிவுடைமை. திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழையும் துலாமழையும் சுவர்களை ஊறச் செய்பவை. படம் கண்ணாடியில் ஒட்டாதவாறு இடையே அட்டைச் சட்டம் வைத்து, ஈரம் கசியாத உட்சுவரில் மாட்ட வேண்டும். நேர் வெயிலும் ஆகாது. மூலக் கோப்பை இரண்டு இடங்களில் சேமித்து வைத்தல் இன்றியமையாதது. மாற்றலின்போது சட்டம் உடைந்தாலும் படம் நம்மோடு வரும்.

படம் எழுதுவிக்கும் கருத்தோ வசதியோ இல்லாத அன்பர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த விடுமுறை நாளில் வீட்டார் அனைவரும் கூடியிருந்து, தம் நாயையோ பூனையையோ எதிரே அமர்த்தி, அதன் அடையாளங்களை ஒரு தாளில் எழுதி நாளிட்டு வைப்பாராக. அது உயிரோடிருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். எத்துணைத் திறமுடைய ஓவியரும் நாம் கவனியாத காதை எழுத வல்லவர் அல்லர்.